வால்ட்டிங்: மரக்குதிரை, நிஜக் குதிரை, சர்க்கஸ் வட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. ஒலிம்பிக் வந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் வால்ட் பற்றி ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பார்கள். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வால்ட் என்றால் நீளமான கம்பை ஊன்றி உயரம் தாண்டுவதுதானே?

இல்லை. நீங்கள் சொல்வது தடகளத்தில் வரும் போல் வால்ட், தமிழில் கோல் ஊன்றித் தாண்டுதல். ஆங்கிலத்தில் 'வால்ட்' என்றால் கையையோ கோலையோ ஊன்றித் தாண்டுவது, அதனால்தான் பெயர் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. இங்கே நான் பேசுவது கையை ஊன்றும் வகை. அது இன்று மூன்று இடங்களில் இருக்கிறது: ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு மேசையின் மேல், குதிரையேற்றத்தில் ஓடும் குதிரையின் மேல், சர்க்கஸில் வட்டத்துக்குள் ஓடும் குதிரையின் மேல்.

மூன்றும் வேறு வேறு உலகம் மாதிரி இருக்கிறதே, சம்பந்தம் உண்டா?

நேரடியான ரத்த சம்பந்தமே உண்டு. மூன்றுக்கும் தாய் குதிரைப்படைதான். அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையம், இல்லாத காலத்தில் படைவீரன் குதிரை மேல் துள்ளி ஏறத் தெரிந்திருக்க வேண்டும். ரோமானியப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதற்காகவே மரக்குதிரைகள் வைத்திருந்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸ் எழுதியிருக்கிறார். முதலில் வெறும் கையோடு ஏறிப் பழக வேண்டும், பிறகு ஆயுதத்தோடு. இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டிலிருந்தும் ஏற வேண்டும், இறங்க வேண்டும். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே, கோடையில் திறந்த மைதானத்தில்.

அந்த மரக்குதிரை ஐரோப்பாவின் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளின் வாள் பயிற்சி, குதிரைப் பயிற்சியோடு பல நூற்றாண்டுகள் ஒட்டிக்கொண்டே வந்தது. 1811-ல் பெர்லினில் பிரீட்ரிக் லுட்விக் யான் என்பவர் திறந்தவெளி உடற்பயிற்சி மைதானம் ஒன்றைத் தொடங்கினார், அங்கேயும் மரக்குதிரை வந்தது. இன்றைய ஜிம்னாஸ்டிக்ஸ் கருவிகள் பலவும் அந்த மைதானத்தின் வழியாக வந்தவைதான். ஆண்கள் பிரிவில் 'பாம்மல் ஹார்ஸ்' என்று இரண்டு கைப்பிடியோடு ஒரு கருவி இருக்கிறதே, அதுவும் வால்ட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் கைப்பிடிகள் சேணத்தின் முன்பக்க, பின்பக்க மேடுகளை நினைத்து வைத்தவை.

பள்ளியில் 'வால்டிங் ஹார்ஸ்' என்றுதான் சொன்னார்கள். இப்போது டிவியில் வருவது மேசை மாதிரி இருக்கிறதே?

மேசையேதான். 2001-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் குதிரையை எடுத்துவிட்டு அகலமான மேசையைக் கொண்டுவந்தார்கள். இதன் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது.

பழைய குதிரை ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம். ஆண்கள் அதை நீளவாக்கில் வைத்துத் தாண்டினார்கள், பெண்கள் குறுக்காக வைத்துத் தாண்டினார்கள். ஓடி வரும் பெண்ணுக்குக் கை வைக்கக் கிடைத்த ஆழம் வெறும் 35 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேலை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நேராகப் பார்த்துக்கொண்டு கை வைக்கும் வரை இது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. 1980-களில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு போய்க் கை வைக்கும் யுர்சென்கோ வகை பரவியபோது, கருவி அப்படியே இருக்க, வித்தை மட்டும் மாறிவிட்டது. 1988 மே மாதம் டோக்கியோவில் நடந்த போட்டியில் அமெரிக்காவின் ஜூலிசா கோமஸ் பயிற்சித் தாண்டலின்போது, மிதித்து எழும்பும் பலகையான ஸ்பிரிங்போர்டிலிருந்து கால் நழுவி, தலை குதிரையில் மோதிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அப்போது அவருக்கு 15 வயது. 1991-ல் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் ஸ்பிரிங்போர்டைச் சுற்றி 'ப' வடிவில் மெத்தை வைக்கும் வழக்கம் வந்தது, இன்று யுர்சென்கோ செய்பவர்களுக்கு அது கட்டாயம். அந்த மெத்தையை எடுத்து வந்து போர்டைச் சுற்றிப் பொருத்துவதை டிவியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வரும்.

இப்போதைய மேசை ஒரு மீட்டருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட அதே அளவு அகலம். முன்பக்கம் நாக்கு மாதிரி சரிந்து, மெத்தென்று இருக்கும். கை கொஞ்சம் தள்ளிப் போனாலும் பிடி கிடைக்கும்.

மேசையின் உயரம் எவ்வளவு? ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் என்ன ஆகிவிடும்?

பெண்களுக்கு 125 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 135. என்ன ஆகும் என்பதை 2000 சிட்னி ஒலிம்பிக் உலகத்துக்கே காட்டியது. பெண்களின் ஒட்டுமொத்தத் தனிநபர் இறுதிப் போட்டியில் குதிரையை 5 சென்டிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டார்கள். உலகின் சிறந்த வீராங்கனைகள் வரிசையாகத் தடுமாறினார்கள், விழுந்தார்கள், யாருக்கும் காரணம் புரியவில்லை. பாதிப் போட்டி ஓடிய பிறகு ஆஸ்திரேலியாவின் அல்லானா ஸ்லேட்டர்தான் உயரம் தப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அளந்து பார்த்தார்கள், 120-தான் இருந்தது. மீண்டும் தாண்ட அனுமதி கொடுத்தார்கள், சரி. ஆனால் தங்கம் வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா, வால்ட்டில் விழுந்த மனக்கலக்கத்தோடு அடுத்த கருவியான பார்ஸுக்குப் போய் அங்கேயும் விழுந்திருந்தார். அந்தப் புள்ளியை யாரும் திருப்பித் தரவில்லை. அது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த 5 சென்டிமீட்டர் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், வீராங்கனை கண்ணால் பார்த்துக் கை வைப்பதில்லை. ஆயிரக்கணக்கான தடவை செய்து உடம்பில் ஊறிய உயரத்துக்குக் கை தானாகப் போகிறது, அங்கே மேசை இல்லை என்றால் தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்தச் சில நொடிகளில் என்னதான் நடக்கிறது?

ஓட்டப்பாதை அதிகபட்சம் 25 மீட்டர். ஒவ்வொருவரும் தங்கள் தொடக்கப் புள்ளியை டேப் வைத்து அளந்து, சாக் கட்டியால் குறியிட்டு வைத்திருப்பார்கள். முன்னணி வீராங்கனைகள் நொடிக்கு 7, 8 மீட்டர் வேகத்தில் போர்டுக்கு வருவார்கள். போர்டில் இரண்டு காலும் சேர்ந்து மிதிக்கும், கை மேசையில் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம்தான் படும். அந்தத் தொடுதலில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடி வந்த வேகம் முன்னோக்கிய வேகம். அதைப் போர்டும் தோளும் சேர்ந்து மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும், கூடவே சுழற்சியும் வேண்டும். முழங்கை மடங்கினால் வேகம் அங்கேயே செத்துப்போகும். அதனால் நல்ல வால்ட்டில் கையால் 'தள்ளுவது' கண்ணுக்கே தெரியாது. பந்து தரையில் பட்டு எழுவது மாதிரி இருக்கும்.

அப்புறம் காற்றில் கரணம், முறுக்கு. கடைசியில் தரை. இறங்கும்போது கால் அசையாமல் நிற்பதைத்தான் 'ஸ்டிக்' என்கிறார்கள்.

யுர்சென்கோ, சுகஹாரா, ப்ரொடுனோவா... இதெல்லாம் ஆள் பெயர்களா?

ஆமாம், பெரிய போட்டியில் முதலில் செய்து காட்டியவரின் பெயரை வைப்பது வழக்கம். சுகஹாரா ஜப்பானின் மிட்சுவோ சுகஹாரா பெயரில் வந்தது. மேசைக்குப் போகும் வழியிலேயே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் கை வைத்து, பிறகு பின்பக்கப் பல்டி. யுர்சென்கோ சோவியத்தின் நத்தாலியா யுர்சென்கோ 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. போர்டுக்கு முன்பே கையை ஊன்றித் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு மேசைக்குப் பாய்வது. இன்று பெண்கள் பிரிவில் அதிகம் பார்ப்பது இதைத்தான். யுர்சென்கோவின் உச்சம், அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2023-ல் ஆன்ட்வெர்ப் உலகப் போட்டியில் செய்த இரட்டைப் பின்பல்டி, அதுவும் முழங்கால் மடக்காமல். அது இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

தீபா கர்மாகர் செய்ததை 'மரண வால்ட்' என்று சொன்னார்களே, அது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஏன் என்று சொல்கிறேன்.

ப்ரொடுனோவா என்பது ரஷ்யாவின் யெலேனா ப்ரொடுனோவா 1999-ல் செய்து காட்டியது. முன்பக்கமாகப் பாய்ந்து கை ஊன்றி, அங்கிருந்து இரண்டு முன்பல்டி. பின்பல்டியில் கடைசிக் கட்டத்தில் தரை கண்ணில் படும், முன்பல்டியில் கால் படும் வரை தரை தெரியாது. உயரம் போதவில்லை என்றால் சுழற்சி முடியாமல் முதுகிலோ கழுத்திலோ விழ நேரும். ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. 2016 வரை சர்வதேசப் போட்டியில் இதை முடித்த பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் அகர்தலாவைச் சேர்ந்த இந்திய வீராங்கனை தீபா.

ரியோ ஒலிம்பிக் இறுதியில் இரண்டு வால்ட் செய்ய வேண்டும், இரண்டின் சராசரிதான் மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் கடினத்துக்கு ஒரு புள்ளி, செய்த விதத்துக்குப் பத்துக்கு ஒரு புள்ளி, இரண்டையும் கூட்டுவார்கள். தீபாவின் முதல் வால்ட் இரட்டை முறுக்கு வைத்த சுகஹாரா, 14.866. இரண்டாவது ப்ரொடுனோவா: கடினத்துக்கு 7.0, செய்த விதத்துக்கு 8.266, ஆக 15.266. இறங்கும்போது மிக ஆழமாகக் குந்திவிட்டார், அங்கேதான் புள்ளி போனது. சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெயின்க்ரூபர் 15.216. வித்தியாசம் 0.150. இறங்கும்போது ஒரு சின்ன அடி நகர்ந்தாலே 0.1 போய்விடும், அப்படி யோசித்துப் பாருங்கள்.

'மரண வால்ட்' என்று எழுதியவர்கள் இவரை உயிரைத் துச்சமாக நினைத்துக் குதித்த பெண்ணாக்கிவிட்டார்கள். தொடக்க காலத்தில் அகர்தலாவில் சரியான கருவிகூட இல்லாமல், பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துச் செய்த கருவியில் பழகியவர் அவர். பயிற்சியாளர் பிஷ்வேஸ்வர் நந்தியோடு சேர்ந்து அந்த வித்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு துண்டும் நம்பிக்கையான பிறகு ஒன்றாகக் கோத்தவர்கள் அவர்கள் இருவரும். பொறுமையான, கணக்குப் போட்டுச் செய்த வேலை அது. 2024-ல் தாஷ்கண்டில் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம் வென்றார், அந்தப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். அதே ஆண்டு ஓய்வும் பெற்றார். அவரைப் பற்றிப் பேசும்போது அந்தத் தங்கத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

கணக்கு என்று சொன்னேன் இல்லையா, பைல்ஸ் விஷயத்திலும் அதேதான். 2023-ல் அந்தப் புதிய வால்ட்டைச் செய்தபோது அவருடைய பயிற்சியாளர் மெத்தை ஓரத்தில் நின்றார். தப்பு நேர்ந்தால் பிடிக்க. அப்படி நின்றதற்கு அரைப் புள்ளி கழிப்பார்கள் என்று தெரிந்தேதான் நின்றார்.

சரி, நிஜக் குதிரை மேல் செய்வது எப்படி இருக்கும்?

நடுவில் ஒருவர் நீளமான கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவரை 'லஞ்சர்' என்பார்கள். குதிரை அவரைச் சுற்றி, குறைந்தது 15 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், இடப்பக்கமாக 'கேன்டர்' என்னும் சீரான தாவல் ஓட்டத்தில் ஓடும். முதுகில் தடித்த மெத்தை, வயிற்றைச் சுற்றி இரண்டு கைப்பிடி வைத்த பட்டை. சேணம், அங்கவடி கிடையாது.

வீரர் கயிற்றை ஒட்டியே ஓடிவந்து, குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் அதன் காலடியோடு தன் காலடியைச் சேர்த்துக்கொள்வார். கைப்பிடி இரண்டையும் பிடிப்பார். அடுத்த தாவலில் இரண்டு காலையும் தரையில் ஊன்றினால் போதும், குதிரையின் வேகமே ஆளை மேலே தூக்கிவிடும். முதன்முதலில் வீடியோவில் பார்த்தபோது கையால் இழுத்து ஏறுகிறார் என்றுதான் நினைத்தேன். தாளம் தவறினால் எவ்வளவு பலம் இருந்தாலும் ஏற முடியாது. மேலே போன பிறகு நிற்பது, ஒரு காலும் எதிர்க் கையும் நீட்டுவது, கத்தரி மாதிரி காலை வீசித் திரும்பி உட்காருவது என்று கட்டாயப் பயிற்சிகள் உண்டு. பிறகு இசைக்குச் சொந்தமாக அமைத்தது, தனிநபருக்கு ஒரு நிமிடம், குழுவுக்கு நான்கு நிமிடம். குழுவில் ஆறு பேர், ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் குதிரை மேல் இருக்கக் கூடாது. மூன்றாமவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதும் நடக்கும்.

குதிரைக்கு வலிக்காதா?

நியாயமான கேள்வி. மோசமாகச் செய்தால் வலிக்கும். முதுகில் 'தொப்'பென்று விழும் ஒருவரை எந்தக் குதிரைக்கும் பிடிக்காது. அதனால்தான் மென்மையாக அமர்வது இந்த விளையாட்டின் முதல் பாடம். கருவிப் போட்டியில் மேசைக்கு மதிப்பெண் போட மாட்டார்கள், இங்கே குதிரைக்குத் தனி மதிப்பெண் உண்டு, மொத்தத்தில் கால் பங்கு. குதிரை பதற்றமாக இருந்தால், ஓட்டம் சீராக இல்லை என்றால், மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் தோற்கலாம். எல்லாப் பயிற்சியும் முதலில் அசையாத மர பீப்பாய்க் குதிரையில்தான் நடக்கும், நிஜக் குதிரைக்குப் போவது பிறகுதான். ஜெர்மனியில் குழந்தைகள் குதிரையேற்றம் தொடங்குவதே பல இடங்களில் இப்படித்தான், லகானைப் பிடிக்கும் கவலை இல்லாமல் முதலில் குதிரையின் அசைவு உடம்பில் ஏறட்டும் என்று.

அவ்வளவு அழகு என்றால் ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

ஒரே ஒரு தடவை இருந்தது, 1920 ஆன்ட்வெர்ப்பில். ராணுவத்தினருக்கு மட்டுமான போட்டி, வந்ததே மூன்று நாடுகள்தான். போட்டியை நடத்திய பெல்ஜியம் தங்கம், பிரான்ஸ் வெள்ளி, சுவீடன் வெண்கலம். அதன் பிறகு திரும்பி வரவில்லை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1983-ல்தான் இதைத் தன் பிரிவுகளில் சேர்த்தது. முதல் உலகப் போட்டி 1986-ல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. ஜெர்மனியிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும்தான் இது வலுவாக இருக்கிறது.

சர்க்கஸ் வட்டம் எல்லா ஊரிலும் ஒரே அளவாமே?

பாரம்பரிய அளவு 42 அடி, ஏறத்தாழ 13 மீட்டர். நவீன சர்க்கஸைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் பிலிப் ஆஸ்ட்லி, குதிரைப்படையில் சார்ஜன்ட் மேஜராக இருந்தவர். 1768-ல் லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே, குதிரை மேல் நின்று வித்தை காட்டத் தொடங்கினார். நேராக ஓடும் குதிரை மேல் நிற்பதை விட வட்டத்தில் ஓடும் குதிரை மேல் நிற்பது எளிது. பார்ப்பவர்களுக்கும் ஆள் கண்ணை விட்டுப் போக மாட்டார். வட்டத்தின் அளவு கொஞ்சம் மாறி மாறிக் கடைசியில் 42 அடியில் நிலைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 6 மீட்டர் ஆரத்தில் ஓடினால், மேலே நிற்பவர் 20 டிகிரிக்கு மேல் உள்பக்கமாகச் சாய்ந்தால்தான் சமநிலை. அப்படிச் சாய்ந்தவரைக் காலும் குதிரையின் முதுகும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும், மரணக் கிணற்றில் பைக் ஓட்டுபவரைச் சுவர் தாங்குவது மாதிரி. ஊர் ஊராகப் போனாலும் வட்டம் அதே அளவு என்றால் குதிரைக்கும் ஆளுக்கும் அந்தச் சாய்வு மாறாது. சிட்னியில் 5 சென்டிமீட்டர் செய்த வேலையை நினைத்தால் இந்த 42 அடியின் அருமை புரியும்.

வெறும் முதுகில் எப்படி வழுக்காமல் நிற்கிறார்கள்?

வயலின் வில்லில் தேய்ப்பார்களே ரோசின், அந்தப் பிசின் பொடியைக் குதிரையின் முதுகில் தூவுவார்கள். அந்தப் பொடி தெரியாமல் இருக்க வெள்ளை, சாம்பல் நிறக் குதிரைகளை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். பழகும் காலத்தில் இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி மேலே கப்பி வழியாக ஒருவர் பிடித்திருப்பார். இந்தக் கயிறு முறையை ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் இன்றும் பார்க்கலாம்.

19-ம் நூற்றாண்டு அமெரிக்க சர்க்கஸ்களில் இன்னொன்றும் இருந்தது. சரிவுப் பலகையில் ஓடிவந்து ஸ்பிரிங்போர்டை மிதித்து, வரிசையாக நிற்கும் குதிரைகளையோ யானைகளையோ பல்டி அடித்துத் தாண்டுவது. இன்றைய வால்ட்டுக்கு இதை விட நெருங்கிய சொந்தம் கிடையாது. மூன்று பல்டி முயன்று கழுத்து முறிந்து இறந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மெத்தைக் குழி கிடையாது, 'மரண' என்ற சொல் பொருந்துவது அங்கேதான்.

நம் நாட்டு சர்க்கஸிலும் இது இருந்ததா?

இந்திய சர்க்கஸைத் தொடங்கியவரே குதிரைக்காரர்தான். மராட்டியப் பகுதியில் குருந்த்வாட் அரசரிடம் குதிரைப் பொறுப்பில் இருந்த விஷ்ணுபந்த் சத்ரே, பம்பாய்க்கு வந்திருந்த இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸைப் பார்த்துவிட்டு, 1880-ல் சொந்தமாக 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' ஆரம்பித்தார். பிறகு கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி நடத்தினார். களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் தெரிந்தவர். தமிழ்நாட்டில் நாம் கூடாரத்துக்குள் பார்த்த வித்தைக்காரர்கள் பலரின் ஊர் தலச்சேரிப் பக்கமாக இருந்தது இதனால்தான்.

என் பெண்ணுக்கு எட்டு வயது. வால்ட் கற்றுக்கொள்ள அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள், ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை முழுக்க அங்கே உட்கார்ந்து பாருங்கள். மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? குழந்தையின் எடைக்கு ஏற்ற போர்டு வைக்கிறார்களா? பெரியவர்களின் போர்டு சின்னக் குழந்தைக்குக் கல் மாதிரி இருக்கும். முதல் சில மாதங்கள் ஓட்டம், போர்டை மிதித்து எழுவது, அடுக்கிய மெத்தை மேல் ஏறி நிற்பது, முக்கியமாக இறங்குவது, இவை மட்டும்தான் நடக்க வேண்டும். முழங்கால் மடித்து, கால்களைச் சற்று அகட்டி, கையை முன்னால் நீட்டி இறங்கக் கற்றுக்கொள்ளாத குழந்தைக்குப் பல்டி சொல்லிக்கொடுக்கும் இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் காலத்தில் மரப்பெட்டியும் தேங்காய் நார் மெத்தையும்தான். மெத்தை நகர்ந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை, எனக்கு மணிக்கட்டு போனது. இரண்டு மாதம் கட்டோடு இருந்தேன், அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

வீட்டு மொட்டை மாடியிலும் கடற்கரை மணலிலும் வீடியோ பார்த்துப் பல்டி பழகும் பையன்களிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன். மணல் மெத்தென்று தெரியும், தலை கீழாக விழுந்தால் அது இறுகிய தரைதான். பக்கத்தில் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் செய்யாதீர்கள்.

வயது தாண்டிவிட்டால் முடிந்ததா?

உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 1975-ல் பிறந்தவர். 1992 முதல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் போட்டியிட்டிருக்கிறார். மகனின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய், அந்த நாட்டுக்காக 2008 பெய்ஜிங்கில் வால்ட் வெள்ளி வென்றார். அப்போது வயது 33. தீபா ரியோவில் தாண்டிய அதே இறுதிப் போட்டியில் 41 வயதில் அவரும் இருந்தார், அவரும் ப்ரொடுனோவாவைத்தான் முயன்றார்.